பொதிக்குதிரையும் பச்சிலையும்: மலைப்பாதைக் குதிரைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி, கொட்டகுடி, அகமலைப் பாதைகளிலும், பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து வெள்ளகவிக்கு ஏறும் ஒற்றையடித் தடத்திலும் பொதிக்குதிரை நடத்திப் பிழைக்கும் பெரியோர்களுக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் வண்டிக்கும் பந்தயத்திற்குமாகக் குதிரை வளர்க்கும் இளைஞர்களுக்கும் இம்மடலை எழுதுகிறேன். வாசிக்க நேரமோ பழக்கமோ இல்லாதவர்களுக்கு அருகிலிருப்பவர் எவரேனும் படித்துச் சொல்வாராக.

இம்மலைச்சரிவின் சரித்திரத்தில் உங்கள் பிராணிகளுக்குரிய இடம் சிறியதன்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ஆம் ஆண்டிலேயே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டியைத் தோட்டத் துரைமார் நிறுவினார்கள். டாப் ஸ்டேஷன் முகட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி நம் பக்கத்து அடிவாரத்தில் வந்து இறங்கிய காலமும் இருந்தது. அவ்வொற்றைத் தண்டவாளத்திற்குப் பின் வந்த சிறு ரயில்பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. யந்திரங்கள் வந்தும் போயும் இருக்க, காப்பியும் மிளகும் இலவம்பஞ்சும் மலையிலிருந்து இறங்குவதற்கும், அரிசியும் உப்பும் மலைக்கு ஏறுவதற்கும், பாதையற்ற சிற்றூர்களுக்கு உங்கள் மட்டக்குதிரைகளே இன்றளவும் துணை. தேர்தல் வரும்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்துகொண்டு போடி மலைக்கிராமங்களுக்கு ஏறுபவையும் இவையே. குடியரசின் காரியம் ஒன்றைத் தம் முதுகில் தாங்கும் இப்பிராணிகளின் தேக நலம் உங்கள் சொந்த விஷயம் மட்டுமன்று. ஆகவே அதைப் பற்றிப் பேசப் பிறருக்கும் சிறிது உரிமை உண்டு என்று கொள்கிறேன்.

சொல்ல வந்த விஷயம் மூலிகை. குதிரைக்குக் காய்ச்சலும் சளியும் இருமலும் கண்டபோது, மாட்டுக்குக் கொடுத்துப் பலன் கண்ட பச்சிலை மருந்தையே அரைத்துக் குதிரைக்கும் கொடுத்தால் என்ன என்னும் எண்ணம் நம்மிடையே எளிதில் எழுகிறது. அவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக நாட்டு மருத்துவ முறைகளைத் திரட்டிச் சீர்செய்து வந்தார்கள். தேசியப் பால்வள வாரியம் அம்முறைகளை எடுத்து இந்தியா முழுவதிலும் உள்ள பால் உற்பத்தியாளர்களிடம் பரப்பிற்று. 2019-இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 2022-இல் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் எண்ணற்ற பசுக்களைப் பலிகொண்ட தோல் கழலை நோய் தெற்கே வந்தபோது, பத்து வெற்றிலை, 10 கிராம் மிளகு, 10 கிராம் உப்பு, சிறிது வெல்லம் ஆகியவற்றை அரைத்து வேளைக்கு ஒரு முறை நாவில் தடவிக் கொடுக்கும் பக்குவமும், குப்பைமேனியும் வேம்பும் துளசியும் மருதாணியும் பூண்டும் மஞ்சளும் சேர்த்து எண்ணெயில் காய்ச்சிப் புண்ணின்மேல் பூசும் பக்குவமும் வீட்டுக்கு வீடு தெரிந்தவையாயின. கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழுவத்திற்கு ஆண்டுதோறும் கன்றுகளைக் காணிக்கையாக விடும் மக்களும், மலைமாடுகளை மந்தையாக ஓட்டிச் செல்லும் கீதாரிகளும் வாழ்கிற ஒரு பள்ளத்தாக்கில், இத்தகைய மருந்துக்கு மதிப்பு உண்டாகாமல் இருந்தால்தான் வியப்பு.

அம்மதிப்பைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் மாட்டு வைத்தியத்தைக் குதிரை லாயத்திற்குள் கொண்டு செல்லுமுன் இரண்டு உண்மைகளை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, எந்த நோய்களுக்காக அப்பக்குவங்கள் வகுக்கப்பட்டனவோ அந்த நோய்கள் குதிரைக்கு வருவதே இல்லை. கோமாரி பிளவுபட்ட குளம்புள்ள பிராணிகளுக்கே உரியது. ஒற்றைக் குளம்புள்ள குதிரையும் கழுதையும் கோவேறு கழுதையும் அதற்கு இலக்காவதில்லை. தோல் கழலை நோயும் மாட்டினத்தின் வியாதியே. ஆகவே, மாட்டில் அம்மருந்து நல்ல பலன் தந்ததென்று முழுவதும் ஒப்புக்கொண்டாலும், குதிரையைப் பற்றி அதிலிருந்து நாம் அறிந்துகொள்வது ஒன்றுமில்லை.

இரண்டாவது, குதிரையின் வயிறு வேறு, மாட்டின் வயிறு வேறு. மாடு தான் விழுங்கியதை முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. பச்சிலையின் நற்குணத்தில் ஒரு பகுதியும் அதன் நஞ்சில் ஒரு பகுதியும் அங்கேயே மாறுதல் அடைந்துவிடுகின்றன. குதிரைக்கோ அவ்வித முன்வாசல் காவல் கிடையாது. தின்றது நேரே சிறுகுடலுக்குச் சென்று ரத்தத்தில் கலக்கிறது. நுண்ணுயிர்களின் வேலை பின்குடலில்தான் தொடங்குகிறது. மேலும், குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தவறான பொருளொன்று உள்ளே போய்விட்டால் அதை வெளியேற்றும் வழியைப் படைப்பு அதற்கு அருளவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் கஷாயத்தை வலிந்து ஊற்றினால், அது மூச்சுக்குழாயில் இறங்கிச் சளியாக இருந்த நோயை நுரையீரல் அழற்சியாக மாற்றிவிடவும் கூடும்.

பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு மருந்துகள் பலவற்றில் பூண்டும் சின்ன வெங்காயமும் உண்டு. கனடா நாட்டுக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனையில், உலர்த்திய பூண்டை உடல் எடையில் கிலோவுக்கு 0.2 கிராமுக்கு மேல் நாள்தோறும் தின்றுவந்த குதிரைகளின் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை உண்டாயிற்று. இருநூறு கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அக்கணக்கு நாளொன்றுக்கு 40 கிராம் உலர்ந்த பூண்டு என்று ஆகிறது. ஒருவேளை மருந்தில் அவ்வளவு சேர்வதில்லை என்பது மெய். ஆயினும் நோயுற்ற பிராணிக்கு வேளைதோறும், வாரக்கணக்கில், கையளவாகப் போடும் வழக்கம் எங்கே போய் நிற்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஏற்றத்தில் பொதி சுமக்கும் பிராணிக்கு மூச்சும் ரத்தமுமே மூலதனம்.

பிராணியின் இயல்பை அறியாத அன்பு அப்பிராணிக்கே யமனாகும் என்பதற்கு நம் பாண்டிய நாட்டுச் சரித்திரமே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்து இறங்கியதையும், பாண்டிய மன்னர்கள் பெரும் பொருள் கொடுத்து அவற்றை வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகப் பல மடிந்துபோனதையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை என்பதே அவர் கண்ட காரணம். அத்தகைய வைத்தியர்கள் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும், குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், இங்கே குதிரைகளுக்கு வறுத்த தானியத்தையும் நெய்யில் பக்குவம் செய்த உணவையும் கொடுத்துக் காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்கள் என்று வியந்திருக்கிறார். அரசர்களிடம் பொருளும் இருந்தது, பிரியமும் இருந்தது. குதிரை எதைத் தாங்கும் என்னும் அறிவு மட்டும் இல்லை. அவ்வறிவு பாரத தேசத்தில் எங்குமே இல்லாமற்போகவில்லை. சாலிஹோத்திர முனிவரின் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் பழம்பெருமை உடையது. நகுலன் இயற்றியதாகக் கூறப்படும் அசுவ சாஸ்திரச் சுவடியைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952-இல் வண்ணப் படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. குதிரைக்கென்று தனிச் சாஸ்திரம் வகுத்த முன்னோர் அதை மாட்டு வைத்தியத்தின் ஒரு கிளையாக எண்ணவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி, குதிரைக்கு உண்மையிலேயே வரும் வைரஸ் நோய்களைக் காண்போம். முதலில் சொல்லத்தக்கது குதிரைச் சளிக்காய்ச்சல். 1987-இல் லூதியானாவில் தொடங்கி வட இந்தியாவில் பரவிய இந்நோய், 2008-இல் வைஷ்ணோ தேவி கோயிலுக்கு யாத்திரிகர்களைச் சுமந்து செல்லும் ஜம்முப் பகுதிக் கட்ரா நகரத்துக் குதிரைகளிடையே மறுபடியும் தோன்றி, அதே ஆண்டில் மைசூர் வரையில் வந்துவிட்டது. கட்ராவின் குதிரைகளும் உங்கள் குதிரைகளைப் போல மலையேறிப் பொதியும் மனிதரும் சுமப்பவையே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது குதிரை ஹெர்ப்பிஸ்; சளியையும், சினைக்குதிரைக்குக் கருச்சிதைவையும், சில வேளைகளில் பின்கால் வாதத்தையும் உண்டாக்கும் இவ்வைரஸ் ஒருமுறை உள்ளே புகுந்தால் ஆயுள் முழுவதும் நரம்பணுக்களில் ஒளிந்து கிடந்து, பிராணி களைத்த நேரத்தில் வெளிப்படும். வயல்வெளிக் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இன்னொன்று. மனிதரிடம் இந்தியாவில் அது முதன்முதலாக 1955-இல் வேலூரில் அறியப்பட்டது. பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நம் பள்ளத்தாக்கு அக்கொசுக்களுக்கு உகந்த நிலமே. 1960-இல் மேற்கு ஆசியாவிலிருந்து இந்தியாவுக்குள் நுழைந்து குதிரைகளை வாரிக்கொண்டு போன ஆப்பிரிக்கக் குதிரை நோய் 1963-க்குப் பின் இங்கே காணப்படவில்லை; ஆனால் 2020-இல் அது தாய்லாந்தில் திடீரென்று தோன்றி ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது.

இவ்வைரஸ்களைத் தாவரப் பொருள்கள் கொல்லுமா என்பதுதான் கேள்வி. ஆய்வுக்கூடத்துத் தட்டில் கொல்லும் என்பதற்கு ஆதாரங்கள் ஏராளம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அதிமதுரத்தின் இனிப்புச் சத்து ஹெர்ப்பிஸ் உள்ளிட்ட பல வைரஸ்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று இத்தாலிய விஞ்ஞானிகள் 1979-இலேயே 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மஞ்சளின் குர்க்குமின் முதலிய எத்தனையோ சத்துக்களைப் பற்றி இத்தகைய செய்திகள் வந்த வண்ணமாக இருக்கின்றன. ஆனால் தட்டில் வைரஸைத் தடுக்கும் அதே அளவு, குதிரையின் குடலைக் கடந்து, ஈரலைக் கடந்து, ரத்தத்தில் கலந்து, மூக்கின் உட்சவ்வையோ நுரையீரலையோ சென்று சேர வேண்டும். சேரும்போது குதிரையின் சொந்த உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டு வாயில்களையும் தாண்டாமல் நின்றுபோன பொருள்களே மிகப் பல. குர்க்குமின் மனிதர் உடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. மிளகின் பிப்பரினைச் சேர்த்தால் அவ்வளவு இருபது மடங்கு உயர்கிறது என்று பெங்களூர்ப் புனித ஜான் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் காட்டினார்கள். மஞ்சளையும் மிளகையும் சேர்த்து அரைத்த நம் முன்னோரின் கைப்பக்குவத்திற்கு இது பெருமை சேர்ப்பதே. ஆயினும் அப்பரீட்சை மனிதரிடத்தில் நடந்தது, குதிரையிடத்தில் அன்று. அதிமதுரமோ, தொடர்ந்து உண்ணும் மனிதருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியச் சத்தை இறக்கிவிடுகிறது; வியர்வையில் பொட்டாசியத்தை மிகுதியாக இழக்கும் பொதிக்குதிரைக்கு அது என்ன செய்யும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தாவரத்திலிருந்து வைரஸ் மருந்து பிறந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பிறந்திருக்கிறது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலமே, மனிதருக்கு வரும் இன்புளூயன்ஸாவுக்குக் கொடுக்கப்படும் ஓசல்டாமிவிர் மாத்திரைக்கு மூலப்பொருளாக நின்றது. ஆனால் அவ்வமிலம் தானாக வைரஸைத் தடுப்பதில்லை. ரசாயன நிபுணர்கள் பல படிகளில் அதன் உருவத்தை மாற்றிய பிறகே அது மருந்தாயிற்று. அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் அக்குணம் வராது. தாவரம் ஒரு தொடக்கம். தொடக்கத்தையே முடிவென்று கொள்வது தாவரத்திற்கும் நீதியன்று, பிராணிக்கும் நீதியன்று.

அப்படியானால், கஷாயம் கொடுத்துக் குணமான குதிரைகளைக் கண்ணால் கண்டோமே என்று நீங்கள் சொல்லக்கூடும். கண்டது மெய், காரணம்தான் வேறாக இருக்கலாம். சளிக்காய்ச்சலுக்கு ஆளான வயது வந்த குதிரை, ஓய்வு கிடைத்தால், சில நாட்களில் காய்ச்சல் தணிந்து இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே தேறிவிடுகிறது. ஹெர்ப்பிஸ் வைரஸோ ஒளிந்துகொண்டு குணமானது போலக் காட்டுகிறது. தானே தீரும் நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் புகழ் அம்மருந்துக்கே போகும். மழைக்காலத்தில் மேளம் அடித்தவன் மழையைத் தானே வரவழைத்ததாக நினைப்பது போன்ற மயக்கம் இது. இம்மயக்கத்திலிருந்து படித்தவரும் தப்புவதில்லை. மருந்து கொடுத்த குதிரைகளையும் கொடுக்காத குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தால் அன்றி உண்மை வெளிப்படாது.

இதில் ஓர் அபாயமும் மறைந்திருக்கிறது. மூக்கொழுகும் குதிரைகள் எல்லாம் வைரஸால் மூக்கொழுகுபவை அல்ல. கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியா நோயும் அவ்வாறே தொடங்கும். அது பராமரிக்கும் மனிதருக்கும் தொற்றி உயிரையே கொள்ளக் கூடியது. அதற்கென்று 1899-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இப்பொழுது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் அது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயே. சாதாரணச் சளி என்று நினைத்து வாரக்கணக்கில் வீட்டுக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பவர், அந்நாட்களெல்லாம் தம்மையும் தம் குழந்தைகளையும் பணயம் வைத்தவராகிறார். பந்தயத்திற்குக் குதிரை வளர்ப்போருக்கு இன்னொரு சொல்: மூலிகை என்பதனால் விதிகள் விலகிவிடுவதில்லை. 2008-ஆம் ஆண்டு ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் மிளகாயின் காரச்சத்து உடலில் காணப்பட்டதற்காகவே குதிரைகள் விலக்கப்பட்டன. நார்வே நாடு தன் வெண்கலப் பதக்கத்தை இழந்தது.

ஆகவே செய்யத்தக்கவை என்று எனக்குத் தோன்றுபவற்றைக் கூறுகிறேன். காய்ச்சல் கண்ட குதிரையை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, தண்ணீர்த் தொட்டியையும் கடிவாளத்தையும் வேறாக்குங்கள். சளிக்காய்ச்சல் விரைவாகப் பரவுவது மூச்சினாலும் கையினாலும் இவற்றினாலுமே. காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் பொதி ஏற்றாமல் ஓய்வு கொடுப்பது குதிரை வைத்தியர்கள் கைக்கொள்ளும் விதி. கூலி இழக்கும் வீட்டில் அது எவ்வளவு கடினமான விதி என்பதை அறிவேன். ஆனால் தேறுமுன் ஏற்றிய பொதியால் நுரையீரல் கெட்ட குதிரை அவ்வீட்டுக்குப் பிறகு ஒருநாளும் கூலி கொண்டுவராது. உலர்ந்த புல்லை நனைத்துக் கொடுத்தால் தூசி அடங்கி இருமல் தணியும். சேணம் பட்ட புண்ணுக்கு வெளிப்பூச்சாக மஞ்சளும் கற்றாழையும், கொசுவும் ஈயும் விலக வேப்பிலைப் புகையும், பழக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும். வெளியே பூசுவதும் புகைப்பதும் ஒன்று, உள்ளே செலுத்துவது வேறொன்று. அரளியும் ஊமத்தையும் ஆமணக்கும் குதிரைக்குக் கொடிய நஞ்சு. மருந்தென்று எவர் சொன்னாலும் அவற்றை உள்ளே கொடுக்காதீர்கள். நோய் கண்ட அன்றே 1962 என்னும் கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கொடுத்த கஷாயம் எதுவானாலும் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், ஏனெனில் சில மூலிகைகள் ஊசி மருந்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை.

ஹிசார் நகரத்தில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் இந்தியாவிலேயே பிரித்தெடுத்த வைரஸ்களைக் கொண்டு தடுப்பூசி தயாரித்திருக்கிறது. பந்தய மைதானக் குதிரைகளுக்குக் கிடைக்கும் இத்தகைய காப்பு பொதிக்குதிரைக்கும் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் ஒருமித்துக் கேட்க வேண்டும். ஒவ்வொருவராகக் கேட்டால் எழாத குரல், பாதைக்கு ஒரு சங்கமாகக் கேட்டால் எழும்.

இன்னொன்றும் கேளுங்கள். தேனிக்கு அருகே தப்புக்குண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் தஞ்சையில் செய்த பணியைக் குதிரைக்குச் செய்யத் தகுந்த இடம் இம்மலையடிவாரமே. மிளகும் ஏலமும் மஞ்சளும் இங்கே உண்டு, மூலிகை அறிந்த பளியரும் முதுவரும் மலையில் உண்டு, குதிரைகளும் உண்டு. உங்கள் பங்குக்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: நோய் கண்ட தேதி, வெப்பமானி காட்டிய அளவு, தீனி தின்றதா இல்லையா, என்ன கொடுத்தீர்கள், எத்தனை கிராம், என்று இருமல் நின்றது. ஆரோக்கியமான குதிரையின் வெப்பம் பெரும்பாலும் 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் நிற்கும் என்பதை அதன் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பாதையில் பல குதிரைகள் ஒன்றாக நோயுறும் நேரத்தில், மருத்துவரின் சம்மதத்தோடு, எல்லாவற்றிற்கும் ஓய்வும் உரிய சிகிச்சையும் கொடுத்து, அவற்றுள் பாதிக்கு மட்டும், குதிரைக்குத் தீங்கற்றதென்று அவர் ஒப்புக்கொண்ட கஷாயத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தீர்களானால், பெரிய ஆய்வுக்கூடங்கள் இன்னும் சொல்லாத ஒன்றை நீங்கள் சொல்லிவிட முடியும். பலன் இருந்தால் அது உங்கள் பெயரால் உலகுக்குப் போகட்டும். இல்லையென்றால் அக்கஷாயத்தைக் கைவிடும் துணிவும் உங்களுக்கு இருக்கட்டும்.

பாரம்பரியம் என்பது முன்னோர் கொடுத்ததை அப்படியே ஊற்றுவது அன்று. அவர்கள் பார்த்து அறிந்ததைப் போல நாமும் பார்த்து அறிவது. அதுவரையில், பரீட்சிக்கப்படாத பச்சிலையைக் குதிரையின் வாயில் ஊற்றாதீர்கள். பரீட்சிக்க வாருங்கள் என்று கல்லூரியின் கதவைத் தட்டுங்கள்.

தங்கள் நலம் நாடும்,
பள்ளத்தாக்குவாசி ஒருவன்